யோகக்காரர் என்னும் அவதூறு

உலகத்திலேயே தலைசிறந்த ராக் இசைக்குழு எது என்ற வாக்குவாதம் எந்த இடத்தில் தொடங்கினாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. பீட்டில்ஸ் என்பார் ஒருவர். ரோலிங் ஸ்டோன்ஸ் என்று எதிர்ப்பாட்டு எழும். லெட் செப்பலின் கட்சிக்காரர் மேசையைக் குத்துவார். மூலையில் உட்கார்ந்திருக்கும் பிங்க் ஃப்ளாய்ட் பக்தர் எல்லோரையும் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார். பாட்டெழுதியவர், பாடியவர், கிடார் வாசித்தவர் என்று அரைமணி நேரம் பெயர்கள் பறக்கும். கடைசியில், பீட்டில்ஸை மட்டம் தட்டியே தீரவேண்டும் என்று துடிக்கும் ஒருவர் தன் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்: “அது சரி, அந்த ரிங்கோ?” அவ்வளவுதான். பீட்டில்ஸ் தரப்பும் அசட்டுச் சிரிப்போடு, “ஆமாம், அவருக்கு யோகம் அடித்தது” என்று விட்டுக்கொடுத்துவிடும். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் என்று மூன்று மேதைகள். நான்காவதாக, பல்லக்குப் போகும் வழியில் நின்றிருந்து தொற்றிக்கொண்ட ஒரு லிவர்பூல்காரர். இதுதான் நம்மிடையே நிலைத்துவிட்ட சித்திரம்.

இந்த விட்டுக்கொடுத்தலைத்தான் நான் மறுக்கிறேன். ரிங்கோ ஸ்டார் நல்ல மனிதர், போகட்டும், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சிபாரிசுக் கடிதம் எழுத வரவில்லை. பீட்டில்ஸ்தான் தலைசிறந்த குழு என்று வாதாட ஒருவருக்கு ஆதாரம் வேண்டுமென்றால், அதை டிரம்ஸ் பின்னாலிருக்கும் அந்த நாற்காலியில்தான் முதலில் தேடவேண்டும் என்கிறேன். நாம் கேட்கும் கேள்வி ‘தலைசிறந்த குழு எது’ என்பது. சொல்லும் பதிலோ ‘தலைசிறந்த பாடலாசிரியர் யார், பாடகர் யார், கிடாரிஸ்ட் யார்’ என்பதற்கானது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2004-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரிசையில் பீட்டில்ஸ் முதலிடம், பாப் டிலன் இரண்டாமிடம், எல்விஸ் பிரெஸ்லி மூன்றாமிடம், ரோலிங் ஸ்டோன்ஸ் நான்காமிடம். தனி ஆளும் குழுவும் ஒரே தராசில். கவிஞரையும் கால்பந்து அணியையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டது போன்ற வேலை இது. நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்த நால்வரிடமும் தனித்தனியாக இல்லாத ஏதோ ஒன்று பிறக்கிறதே, அதற்குப் பெயர்தான் குழு. அது எங்கே பிறக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் அந்த நகைச்சுவைத் துணுக்கை அப்புறப்படுத்திவிடுவோம். உலகத்திலேயே சிறந்த டிரம்மர் ரிங்கோதானா என்று கேட்டதற்கு, பீட்டில்ஸிலேயே அவர் சிறந்த டிரம்மர் இல்லையே என்று லெனன் சொன்னாராம். ஊர் உலகமெல்லாம் சொல்லிச் சிரித்தாயிற்று. நானும் சிரித்திருக்கிறேன். பீட்டில்ஸ் வரலாற்றையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட மார்க் லூயிசன் இதன் நதிமூலத்தைத் தேடிப் போனார். லெனனிடம் அது கிடைக்கவில்லை. 1981-இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பான ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் கிடைத்தது. 1983-இல் ஜாஸ்பர் கேரட் என்ற நகைச்சுவைக் கலைஞர் தொலைக்காட்சியில் எடுத்துவிட, பிறகு அதற்குக் கால் முளைத்துவிட்டது. லெனன் சுட்டுக் கொல்லப்பட்டது 1980 டிசம்பர் 8-ஆம் தேதி. மறுத்துச் சொல்ல முடியாதவர் வாயில் யாரோ திணித்த விகடம், நாற்பது ஆண்டுகளாகச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துகொண்டிருக்கிறது.

லெனன் சொன்னதாகச் சொல்லப்படுவதை விடுங்கள். அவர் செய்ததைப் பாருங்கள். 1970-இல் குழு உடைந்தது. இனி யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. லெனன் கூப்பிட்டால் வராத டிரம்மர் அன்று பூமியில் கிடையாது. அந்த ஜனவரியில் ‘இன்ஸ்டன்ட் கர்மா’ பாட்டுக்கு ஆலன் ஒயிட் என்ற இளைஞரை வைத்து அருமையாகப் பதிவும் செய்திருந்தார். ஆகவே வேறு ஆள் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. ஆனால் அந்த ஆண்டின் பிற்பகுதியில், தாயை இழந்த வலியையும் தகப்பன் கைவிட்ட கோபத்தையும் அலறலாக வெளியே கொட்டிய அந்தத் தனி ஆல்பத்துக்கு அவர் அழைத்தது ரிங்கோவைத்தான். பெரும்பாலும் மூன்றே பேர்: லெனன், பேஸ் கிடாரில் கிளாஸ் ஃபூர்மான், டிரம்ஸில் ரிங்கோ. அலங்காரம் கிடையாது, ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அழுதுகொண்டிருக்கும் ஒருவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஆள் எப்படி வாசிப்பாரோ அப்படி வாசித்திருக்கிறார். அதே ஆண்டு ஹாரிசனும் மூன்று இசைத்தட்டுகளில் விரிந்த தன் முதல் பெரிய ஆல்பத்துக்கு ரிங்கோவை அழைத்தார். மெக்கார்ட்னி மட்டும் தன் முதல் தனி ஆல்பத்தில் டிரம்ஸ் உட்பட எல்லாவற்றையும் தானே வாசித்தார். அந்த ஆல்பத்தையும் லெனனின் ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெக்கார்ட்னி கணக்குத் தவறவில்லை. ஆனால் அங்கே டிரம்ஸ் எண்ணுகிறது. லெனனின் ஆல்பத்தில் மூச்சு விடுகிறது.

எதிர்த் தரப்பின் பலமான வாதத்துக்கு இப்போது வருகிறேன். 1962 செப்டம்பர் 11. லண்டன் ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடம். ரிங்கோ குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே வந்து பார்த்தால் டிரம்ஸுக்குப் பின்னால் ஆன்டி ஒயிட் என்ற தொழில்முறைக் கலைஞர் உட்கார்ந்திருக்கிறார். ரிங்கோ கையில் ஒரு தாம்பரீனைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ‘லவ் மி டூ’ பாட்டின் ஆல்பம் வடிவத்தில் இன்றும் கேட்பது ஒயிட் வாசித்த டிரம்ஸ். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தரப்பே இவரை நம்பவில்லை, இதைவிட என்ன சான்று வேண்டும் என்பார்கள்.

சரி, அதன் முன்கதையையும் பின்கதையையும் சேர்த்துப் படிப்போம். ஜூன் மாதச் சோதனைப் பதிவில் வாசித்தவர் ரிங்கோவுக்கு முன் குழுவின் டிரம்மராக இருந்த பீட் பெஸ்ட். அவருடைய வாசிப்பு மார்ட்டினுக்குத் திருப்தி தரவில்லை. அந்தக் காலத்து லண்டனில் புதுக்குழுவின் டிரம்மரை ஒதுக்கிவிட்டுத் தொழில்முறைக் கலைஞரை உட்காரவைப்பது அன்றாட நடைமுறை. கூடத்து வாடகை மணிக்கணக்கில் ஏறும்போது யாரும் பரீட்சை நடத்த மாட்டார்கள். அக்டோபரில் கடைக்கு வந்த முதல் இசைத்தட்டில் இருந்தது என்னவோ செப்டம்பர் 4-ஆம் தேதி ரிங்கோ வாசித்த பதிவுதான். இரண்டில் எது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி தாம்பரீன் சத்தம்: அது கேட்டால் ஒயிட். அதன்பிறகு மார்ட்டின் ரிங்கோவுக்குப் பதிலாக வெளியாள் யாரையும் பீட்டில்ஸ் பதிவில் உட்காரவைக்கவில்லை. ஐந்தே மாதத்தில், 1963 பிப்ரவரி 11 அன்று, முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாட்டுகள் பதிவாயின. பத்து மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. கடைசிப் பாட்டு ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. சளி பிடித்துக் கிழிந்த குரலோடு லெனன் ஒரே மூச்சில் பாடிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குரலுக்குக் கீழே, காலையிலிருந்து இடைவிடாமல் அடித்த கைகளோடு ஒருவர் அந்தப் பாட்டை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போகிறாரே, அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குரல் கிழிந்தால் காவியம். கை ஓய்ந்தால் அது செய்தியே இல்லை.

இன்னொரு விஷயம். ரிங்கோவைத் தெருவில் கண்டெடுத்தார்கள் என்பதும் கட்டுக்கதை. 1962-இல் லிவர்பூலில் ரோரி ஸ்டார்ம் அண்ட் த ஹரிக்கேன்ஸ் பெயர்பெற்ற குழு. அதன் டிரம்மர் அவர். ஹாம்பர்க் இரவு விடுதிகளில் பீட்டில்ஸுடன் ஒரே காலத்தில் வாசித்தவர். பெஸ்ட் வராத நாட்களில் பீட்டில்ஸோடு உட்கார்ந்து வாசித்துப் பழகியவர். அவரை இழுத்துக்கொள்ள இன்னொரு குழுவும் பேசிக்கொண்டிருந்தது. பெஸ்ட்டை நீக்கியதற்காக லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். ஹாரிசன் கண்ணில் குத்து வாங்கினார். அந்த வீங்கிய கண்ணோடுதான் செப்டம்பர் 4 பதிவுக்கே வந்தார். யோகம் அடித்தவர் யார் என்று இப்போது சொல்லுங்கள்: வந்தவரா, வரவழைத்த மூவரா?

சிறு வயதிலிருந்து பார்த்தாலும் யோகம் என்ற சொல்லுக்கு அவர் கதையில் இடமே இல்லை. 1940-இல் லிவர்பூலின் டிங்கிள் பகுதியில் ரிச்சர்ட் ஸ்டார்கியாகப் பிறந்தவர். ஆறு வயதில் குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடி ஓராண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதின்மூன்று வயதில் காசநோய். மறுபடியும் நீண்ட படுக்கை. பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக அங்கே நடத்திய வாத்திய வகுப்பில்தான் அவர் கைக்கு முதன்முதலாக டிரம் வந்தது. பிறவியில் இடதுகைக்காரர். பாட்டி அதை ஆகாத பழக்கம் என்று மாற்றி வலது கையால் எழுதவைத்தார். எனவே வலதுகைக்காரர்களுக்கு அடுக்கிய டிரம்ஸில் இடதுகைப் புத்தியோடு வாசித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றாக வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் இங்கேதான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் டிரம்மர் உருட்டி நிரப்புவதை ஃபில் என்பார்கள். வலதுகைக்காரர் வலது கையில் எடுத்து, ஸ்நேர் என்னும் நடு டிரம்மிலிருந்து டாம்கள் என்னும் மற்ற டிரம்களின் மேல் இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு போவார். கை போகும் வழியிலேயே டிரம்களும் அடுக்கப்பட்டிருப்பதால் வேகம் தானாக வரும். ரிங்கோ இடது கையில் எடுப்பார். அடுத்த டிரம்முக்குப் போக ஒரு கை இன்னொரு கையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அந்தச் சுற்றலில் ஓர் இமைப்பொழுது கழியும். வேறொருவராக இருந்தால் குறையென்று திருத்திக்கொண்டிருப்பார். ரிங்கோ அந்தத் தாமதத்தையே தன் நடையாக ஆக்கிக்கொண்டார். விழப்போகிறது, விழப்போகிறது என்று நம்மைப் பதறவைத்துக் கடைசி நொடியில் சரியாகச் சமத்தில் வந்து இறங்கும் அந்த உருட்டலை, கேட்ட மாத்திரத்தில் இவர்தான் என்று சொல்லிவிடலாம். முகம் தெரியாமல் கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்வது போல.

‘டிக்கெட் டு ரைட்’ (1965) பாட்டில் டிரம்ஸ் நேராக நடக்காமல் ஒரு காலை இழுத்து இழுத்துப் போகும். அந்த இழுப்பை எடுத்துவிட்டால் பாட்டு இன்னொரு நல்ல காதல் பாட்டாகச் சுருங்கிவிடும். அடுத்த ஆண்டின் ‘ரெயின்’, தன் வாசிப்பிலேயே சிறந்தது என்று ரிங்கோ நினைக்கும் பதிவு. வேகமாக வாசித்து, நாடாவை மெதுவாக ஓட்டிப் பயன்படுத்தினார்கள். அதனால் ஸ்நேரின் ஒவ்வொரு அடியும் ஈரச் சுவரில் விழுவதுபோல் கனத்துக் கேட்கிறது. அதே 1966 ஏப்ரலில் பதிவான ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டில் அடிநாதம் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை, ஒரே சுருதியில் நிற்கிறது. சுற்றிலும் நாடாத் துண்டுகள் பறவைக் கூட்டம்போலக் கத்துகின்றன. பாட்டைத் தரையில் பிடித்து வைத்திருப்பது ஒரேயொரு டிரம் நடை. இருபது வயது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக், பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, கூடத்து வழக்கத்தை மீறி மைக்கைத் தோலுக்கு வெகு அருகே கொண்டுபோய் வைத்தார். பல்லாண்டுகள் கழித்துக் கணினியில் ஒரு துண்டைச் சுழலவிட்டு நடன இசை செய்தவர்கள் தேடியதும் இதே குணத்தைத்தான்: தளராமல், அலுக்காமல், மாறாமல், ஆனாலும் உயிரோடு. ‘எ டே இன் த லைஃப்’ பாட்டில் லெனன் செய்தித்தாளைப் படிப்பவர்போல் உணர்ச்சியற்றுப் பாட, வரிகளுக்கு இடையில் தளர்த்திய டாம்கள் உருண்டு வந்து பாடகர் சொல்லாமல் விட்ட திகிலைச் சொல்லிவிட்டுப் போகின்றன. ‘கம் டுகெதர்’ பாட்டுக்கு டிரம்கள்மேல் துண்டுகளைப் போர்த்தி வாசித்தார். அந்தத் தொடக்கத்தைக் கேட்காத ராக் ரசிகர் இல்லை. அதில் காதைப் பிடித்து இழுப்பது பேஸ் கிடாரும் டிரம்ஸும்தான்.

பாட்டு மெக்கார்ட்னி எழுதியது, லெனன் எழுதியது, டிரம்ஸ் வெறும் பக்கவாத்தியம்தானே என்று இதற்குப் பதில் வரும். பக்கவாத்தியம் என்ற சொல்லை ‘வெறும்’ என்ற அடைமொழியோடு சேர்த்துச் சொல்பவர் கச்சேரி கேட்டுப் பழகியவராக இருக்க முடியாது. பாடகர் எடுத்த காலப்பிரமாணத்தைக் காப்பாற்றுவது யார் பொறுப்பு என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அன்றைய ஒலிப்பதிவில் காதில் டிக்டிக் என்று தாளம் போட்டுக்கொடுக்கும் கருவி கிடையாது. ஒரே பாட்டை இருபது முறை வாசிப்பார்கள். மூன்றாவது டேக்கின் முன்பாதி நன்றாக இருக்கும், ஒன்பதாவதின் பின்பாதி நன்றாக இருக்கும். கத்தரியால் நாடாவை வெட்டி இரண்டையும் ஒட்டவேண்டுமானால் வேகம் மாறாமல் இருக்கவேண்டும். ஒலிநாடாக்களை உட்கார்ந்து கேட்ட லூயிசனின் கணக்குப்படி, ரிங்கோ தவறியதால் பாதியில் நின்ற பதிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற மூவரும் சொல் மறந்தார்கள், சிரித்தார்கள், தந்தியைத் தவறாக மீட்டினார்கள். அவர் அசையவில்லை.

மேடையில் இன்னும் மோசம். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கும் மேற்பட்டவர்கள். தங்கள் குரல் தங்களுக்கே கேட்பதற்கான ஒலிபெருக்கி ஏற்பாடு அன்றைக்கு இல்லை. கூச்சலில் பாட்டு எந்த வரியில் இருக்கிறது என்பதே டிரம்மருக்குக் கேட்காது. முன்னால் நிற்கும் மூவரின் தலையசைப்பையும் இடுப்பசைப்பையும் பார்த்து, பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கணித்து வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். காதைச் செவிடாக்கும் கூச்சலில் கண்ணால் தாளம் போட்டவருக்கு நாம் கொடுத்த பட்டம் அதிர்ஷ்டசாலி.

உத்தி இல்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறேன். வேகத்திலும் சிக்கலிலும் ரிங்கோ ஜிஞ்சர் பேக்கரின் பக்கத்தில் நிற்க முடியாது. லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பானமின் வலது கால் ஒன்றே இவரை விழுங்கிவிடும். தனி ஆவர்த்தனம் என்றாலே அவருக்கு ஆகாது. பீட்டில்ஸ் பதிவுகளில் ஒரேயொரு முறை, ‘த எண்ட்’ பாட்டில், வற்புறுத்தலின் பேரில் சில நொடிகள் வாசித்திருக்கிறார். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது குழுவைப் பற்றி. பேக்கர், எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ் என்று மூன்று மகா வித்வான்கள் சேர்ந்த கிரீம் 1966-இல் தொடங்கி 1968 நவம்பரில் முடிந்துபோனது. மூவரும் ஒருவரை ஒருவர் கேட்பதை நிறுத்தி, ஒருவரை ஒருவர் வெல்ல வாசித்தார்கள். அற்புதமான சத்தம், மறுப்பதற்கில்லை. குழு என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிரம்மர் மாற்றத்தக்கவர் என்று நம்புகிறவர்கள் 1980-ஐப் பார்க்கட்டும். செப்டம்பர் 25-இல் பானம் இறந்தார். ஜிம்மி பேஜ் இருந்தார், ராபர்ட் பிளான்ட் இருந்தார், ஜான் பால் ஜோன்ஸ் இருந்தார். கூப்பிட்டால் வர டிரம்மர்கள் வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 4-இல் ஓர் அறிக்கையோடு லெட் செப்பலினை மூடிவிட்டார்கள். பிறகு 2007 டிசம்பரில் லண்டனில் முழுக் கச்சேரி ஒன்றுக்காகச் சேர்ந்தபோதுகூட பானமின் மகன் ஜேசனைத்தான் அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். த ஹூ வேறு முடிவெடுத்தது: 1978-இல் டிரம்மர் கீத் மூன் இறந்ததும் கென்னி ஜோன்ஸை வைத்து இரண்டு ஆல்பங்கள் போட்டது. ஜோன்ஸ் ஒழுங்கான டிரம்மர். அந்த ஒழுங்குதான் கேடு. எப்போது சிதறுமோ என்ற மூனின் கலவரத்தின்மேல் கட்டிய வீடு அது. கலவரம் அடங்கியதும் வீடு சும்மா நின்றது.

எதிர்ச்சான்றும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘யூ கேன்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்’ பாட்டில் டிரம்ஸ் வாசித்தது குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் அல்ல, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். வாட்ஸுக்கு அந்த நடை பிடிபடவில்லை. பாட்டு பெரும்பாட்டாகத்தான் அமைந்தது. 2021-இல் வாட்ஸ் மறைந்தபிறகும், அவரே முன்மொழிந்த ஸ்டீவ் ஜோர்டனோடு குழு ஊர் ஊராகப் போனது, அரங்கம் நிறைந்தது. ஆனால் ஸ்நேரில் அடிக்கும்போதெல்லாம் ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தாளத்தட்டிலிருந்து வலது கையைத் தூக்கிவிடுவாரே வாட்ஸ், அந்தச் சிறு இடைவெளியில்தான் கீத் ரிச்சர்ட்ஸின் கிடார் ஐம்பத்தெட்டு ஆண்டு குடியிருந்தது. ஜோர்டன் அவரைவிடப் பலசாலி. இடைவெளி மட்டும் இல்லை. நான் கேட்பது ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகளை; ரோலிங் ஸ்டோன்ஸை அல்ல.

பீச் பாய்ஸ் விவகாரம் இதைவிடச் சுவையானது. 1966-இன் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தைத் தலைசிறந்த ராக் ஆல்பங்களில் ஒன்றாக வைக்காத பட்டியல் அபூர்வம். குழு ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருக்க, அதன் பாடலாசிரியர் பிரையன் வில்சன் லாஸ் ஏஞ்சல்ஸ் கூலிக் கலைஞர்களை வைத்து வாத்தியப் பகுதிகளைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். டிரம்ஸ் வாசித்தது பெரும்பாலும் ஹால் பிளெய்ன். குழுவின் டிரம்மர் டென்னிஸ் வில்சன் திரும்பி வந்து பாடிக்கொடுத்தார். ஆல்பம் தங்கம். ஆனால் அதைக் காட்டிக் ‘குழுவின்’ மேன்மையை நிரூபிப்பது, சமையல்காரர் செய்த விருந்துக்குப் பந்தியில் உட்கார்ந்தவரைப் பாராட்டுவதற்குச் சமம். பிரையன் வில்சன் மேதை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

“பீட்டில்ஸும் ரிங்கோ இல்லாமல் ஓடியதே?” ஓடியது. 1964 ஜூனில் தொண்டைப் புண்ணால் அவர் படுத்தபோது ஜிம்மி நிக்கல் என்பவரை வைத்து டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று சில நாட்கள் வாசித்தார்கள். ஹாரிசன் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். சமாதானப்படுத்தித்தான் அழைத்துப் போனார்கள். மெல்போர்னில் ரிங்கோ வந்து சேர்ந்தார், நிக்கல் விமானம் ஏறினார். 1968 ஆகஸ்டில் விவகாரம் கடுமை. வாசிப்பைப் பற்றி மெக்கார்ட்னி குறை சொல்ல, ரிங்கோ எழுந்து போய்விட்டார். போகுமுன், நீங்கள் மூவரும் நெருக்கம், நான்தான் வெளியாள் என்று லெனனிடம் சொன்னாராம். நீங்கள் மூவரும்தான் நெருக்கம் என்று நான் நினைத்தேன் என்றாராம் லெனன். மெக்கார்ட்னியிடம் போனால் அங்கேயும் அதே பதில். ரிங்கோ சார்டீனியாவுக்குப் போனார். மற்றவர்கள் ‘பேக் இன் த யூ.எஸ்.எஸ்.ஆர்.’, ‘டியர் புரூடன்ஸ்’ இரண்டையும் பதிவு செய்தார்கள். டிரம்ஸில் பெரும்பாலும் மெக்கார்ட்னி. இரண்டும் நல்ல பாட்டுகளே. அப்படியானால் நான்காவது ஆள் தேவையில்லை என்று அவர்கள் தீர்மானித்திருக்கலாம். திரும்பி வா என்று தந்தி அடித்தார்கள். செப்டம்பரில் அவர் திரும்பிவந்து கதவைத் திறந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூ. ஹாரிசனின் ஏற்பாடு.

அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் பீட்டில்ஸைக் குழுவாக 1988-இல் சேர்த்துக்கொண்டது. தனி ஆளாக லெனனை 1994-இல், மெக்கார்ட்னியை 1999-இல், ஹாரிசனை 2004-இல். ரிங்கோவுக்கு 2015 வரை ஆயிற்று. அதுவும் மற்ற மூவரும் நுழைந்த வாசல் வழியாக அல்ல. ‘இசைச் சிறப்பு’ என்று தனியாக ஒரு விருது வைத்திருக்கிறார்கள், பின்னணியில் வாசித்தவர்கள் பலர் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் ஏறத்தாழ 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உயர்ந்த மேடைமேல் தலையை ஆட்டி ஆட்டி வாசித்து ஒரு தலைமுறையையே டிரம்ஸ் வாங்கவைத்தவருக்குப் பக்கவாட்டு வாசல். அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்காகக் கோபப்பட நான் இருக்கிறேன்.

பெரிதாகப் பாட்டு எழுதாதவருக்கு இவ்வளவு வக்காலத்தா என்று இன்னும் முணுமுணுப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பீட்டில்ஸின் தொடக்ககால ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை ஒரு பக்கத்திலும் குரல்களை மறுபக்கத்திலும் பிரித்து வைத்திருப்பார்கள். குரல் வரும் பக்கத்தைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். சொல் இல்லாத, பாடகர் இல்லாத பாட்டு மிஞ்சும். ஹை-ஹாட் பாதி திறந்து சலசலத்துக்கொண்டிருக்கும். குச்சியை நேராக இறக்காமல் பக்கவாட்டில் வீசிப் பெருக்குவார் அவர். இரண்டு நிமிடம் கேளுங்கள்.

அல்லது 1969 ஜனவரி 30-க்குப் போங்கள். லண்டன் சாவில் ரோ தெருவில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடி. குளிர்காற்று. ரிங்கோ மனைவியின் சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது, போலீஸ் வரப்போகிறது, நால்வரும் சேர்ந்து வெளியாருக்கு வாசிக்கும் கடைசி நாள் அதுதான். ‘டிக் எ போனி’ பாட்டைக் கிடார்கள் எடுத்துவிடுகின்றன. பின்னாலிருந்து, பொறுங்கள் என்று ஒரு சத்தம். ரிங்கோ இன்னும் தயாராகவில்லை. மூன்று மேதைகளும் அப்படியே நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். அவர் குச்சிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டபிறகு, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்கள். அடுத்த ஆண்டு ஆல்பம் வெளிவந்தபோது அந்தத் தடுமாற்றத்தை யாரும் வெட்டியெறியவில்லை, இன்றும் கேட்கிறது.